சமக்குறிக்குள் அடங்காத கவலை

‘அலார்மிங்’ என்ற ஆங்கிலப் பெயரடைக்கு எதிரே ‘லிங்ரென் தான்யௌ த’ என்று சீனத்தில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டால் அந்தச் சொல் கற்றாகிவிட்டது. சீன மொழி பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் இடங்களில் கோலோச்சும் கருத்து இதுதான். அந்தச் சீனத் தொடருக்கு ‘ஆளைக் கவலைப்பட வைக்கிற’ என்று பொருள். அதே தொடரோ அதன் நெருங்கிய உறவோதான் ‘வொரியிங்’, ‘வொரிசம்’, ‘ட்ரபிளிங்’, ‘டிஸ்டர்பிங்’ ஆகிய சொற்களுக்கு எதிரேயும் நிற்கிறது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் சீனம், நடுவில் எழுதப்படாத ஒரு சமக்குறி. மாணவர் ஒரு பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு மறுபக்கத்தைச் சொல்லிப் பார்க்கிறார். வந்துவிட்டால் அடுத்த சொல்லுக்குப் போகிறார்.

இந்தக் கருத்து தவறு. கவலையைச் சொல்லும் பெயரடைகளைப் பொறுத்தவரை அது தீங்கும்கூட. ஆனால் இதை நம்புகிறவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் தரப்பில் கனமான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும்.

அவர்கள் சொல்வது என்ன? முதலில், நேரம். சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான ‘காவ்காவ்’வின் 750 மதிப்பெண்களில் ஆங்கிலத்துக்கு 150. அதற்குத் தேவையான சொற்கள் 3500 என்று மாணவர் உலகமே பேசுகிறது. அந்த எண்ணை அட்டையில் தாங்கிய கையேடுகள் கடை கடையாகக் கிடைக்கின்றன. கல்லூரிக்குப் போனால் 1987 முதல் நடந்துவரும் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலை காத்திருக்கிறது. அதைத் தாண்டினால் ஆறாம் நிலை. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் பத்து நிமிடம் செலவழிக்க எந்த ஆசிரியராலும் முடியாது. இரண்டாவது, ஆய்வு. தாய்மொழிப் பொருளோடு சொல் அட்டைகளை வைத்துப் படிப்பது விரைவான, பயனுள்ள வழி என்று சொற்கல்வி ஆய்வாளர் பால் நேஷன் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். மூன்றாவது, பொதுப்புத்தி. முதலில் ஏறக்குறைய பொருள் தெரியட்டும்; நுணுக்கம் படிக்கப் படிக்கத் தானாக வந்து சேரும்.

இவற்றில் முதல் இரண்டையும் நான் மறுக்கவில்லை. நேரம் குறைவுதான். தாய்மொழியை வகுப்பிலிருந்து விரட்ட வேண்டும் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ‘மேசை’, ‘பாலம்’, ‘சிறுநீரகம்’ போன்ற சொற்களுக்குச் சமக்குறி பெரிய தீங்கு செய்யாது. அவை சுட்டும் பொருள் இரண்டு மொழிக்காரர் கண்முன்னும் ஒன்றாகவே இருக்கிறது. கவலை அப்படிக் கண்முன் நிற்கும் பொருள் இல்லை. ஒரு நிலைமை எவ்வளவு மோசம், யாருக்கு மோசம், யார் எழுந்து எதைச் செய்ய வேண்டும் என்று பேசுகிறவர் தரும் தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பின் அளவையும் திசையையும் சுமப்பது பெயரடை. சமக்குறி அந்த இரண்டையும் கழற்றிவிட்டு மிச்சத்தைக் கற்றுக்கொடுக்கிறது. என் மறுப்புகளை எண்ணிட்டே சொல்கிறேன்.

1. சமக்குறி உண்மையைச் சொல்லவில்லை.

‘அலார்மிங்’ யாரோடு சேர்ந்து நடக்கிறது என்று பாருங்கள். வேகம், விகிதம், உயர்வு, எண்ணிக்கை: ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் இவற்றின் முன்னால்தான் வந்து நிற்கிறது. பனிப்பாறைகள் உருகும் வேகம், ஒரு நோய் பரவும் விகிதம், பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை என எதிர்பார்த்த எல்லையை ஏதோ ஒன்று தாண்டிவிட்டது, இனிச் சும்மா இருக்க முடியாது என்ற செய்தி அதற்குள் இருக்கிறது. ‘ஆயுதமெடுங்கள்’ என்று பொருள்படும் இத்தாலியக் கூவலிலிருந்து பிறந்த சொல்லின் வழிவந்தது அது. கேட்பவரை எழுப்புவது அதன் பிறவிக் குணம்.

‘வொரியிங்’ அப்படிக் கூவாது. ஓர் அறிகுறி, ஒரு போக்கு, ஒரு சிறு மாற்றம் மனத்தில் உறுத்தும்போது வருகிற சொல் அது. இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் கவனியுங்கள் என்கிறது. ‘டிஸ்டர்பிங்’ எண்களைவிடக் காட்சிகளோடும் செய்திகளோடும் நெருக்கம். பார்த்தவரின், கேட்டவரின் மன அமைதியையோ அறவுணர்வையோ அது குலைக்கிறது. ‘டயர்’ (dire) விளைவுகளுக்கும் எச்சரிக்கைகளுக்கும் கொடும் தேவைகளுக்கும் உரியது. ‘கிரிம்’ வந்தால் நம்பிக்கைக்கு இடம் சுருங்கிவிட்டது என்று பொருள். ‘கிரேவ்’ கனமான சொல். அரசுகளும் நீதிமன்றங்களும் மருத்துவர்களும் நிதானம் குலையாமல் ஆபத்தை அறிவிக்க எடுப்பது.

தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தி அல்ல. ‘கவலைக்கிடம்’ என்ற சொல்லை நாளிதழில் பார்த்ததும் நம் மனம் மருத்துவமனைக்குப் போய்விடுகிறது. ‘கவலை’ என்ற சொல்லும் ‘இடம்’ என்ற சொல்லும் தெரிந்த ஒரு வெளிநாட்டு மாணவர், மகனின் கணக்கு மதிப்பெண் குறைந்ததற்கு ‘மதிப்பெண் கவலைக்கிடமாக உள்ளது’ என்று எழுதினால் இலக்கணப் பிழை எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனாலும் அது தமிழ் இல்லை என்று நமக்குத் தெரியும். அந்த அறிவை எந்த அகராதியிலிருந்தும் நாம் பெறவில்லை. அந்தச் சொல் யாரோடு வருகிறது என்று கேட்டுக் கேட்டுப் பெற்றோம்.

ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறிய வேண்டும் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் எழுதினார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழு அந்த எண்ணத்தைக் கணினித் தரவகத்தின் துணையோடு செயல்படுத்தி, 1987இல் கோபில்ட் அகராதியைக் கொண்டுவந்தது. அகராதிக்காரர்கள் சொல்லின் கூட்டாளிகளைத் தேடத் தொடங்கி இத்தனை ஆண்டுகளாகிவிட்டன. மாணவர் கையில் இருக்கும் பட்டியல் இன்னும் சொல்லைத் தனியாள் என்றே நடத்துகிறது.

2. சமக்குறி சீன மொழிக்கும் அநீதி செய்கிறது.

தாய்மொழியை மதிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இந்த முறை உண்மையில் அந்தத் தாய்மொழியையே வறிதாக்குகிறது. கவலைதரும் நிலைமையைச் சொல்லச் சீனத்தில் ஒரே ஒரு தொடர்தானா இருக்கிறது? தரமோ எதிர்காலமோ கவலைக்குரியது என்று சுருக்கமாக முடிக்க ‘கான்யௌ’ இருக்கிறது. சூழலின் கடுமையைச் சொல்ல, சோதனைகளையும் சவால்களையும் விவரிக்க, ‘யென்ஜுன்’ இருக்கிறது. கண்ணில் பட்டதும் நெஞ்சு பதறும் காட்சிக்கு ‘ச்சுமு ஜிங்ஷின்’ என்ற நாற்சொல் தொடர் இருக்கிறது. விழும் நிலையில் தள்ளாடுவதற்கு ‘ஜிஜி கெவெய்’ இருக்கிறது. நம்பிக்கை கொள்ள இடமில்லை என்பதை அடக்கமாகச் சொல்லும் ‘பு ரொங் லெகுவான்’ இருக்கிறது; அலுவல் அறிக்கைகளிலும் செய்திகளிலும் அடிக்கடி தென்படுவது.

இத்தனை படிகளை உணர்ந்து பேசும் மாணவர், ஆங்கிலத்துக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட வைக்கப்படுகிறார். அதன் விளைவு கட்டுரைத் தாள்களில் தெரிகிறது. ‘பு ரொங் லெகுவான்’ என்று மனத்தில் நினைத்து, ‘த சிச்சுவேஷன் இஸ் நாட் ஆப்டிமிஸ்டிக்’ என்று எழுதுவது சீன மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் பிழை. ‘ஆப்டிமிஸ்டிக்’ என்ற சொல் மனிதரின் மனநிலையைக் குறிக்கும். அல்லது அவருடைய கணிப்பை, மதிப்பீட்டைக் குறிக்கும். ‘நிலைமை’க்கு அந்த மனநிலை வாய்க்காது. இந்தப் பிழைக்கு மாணவரின் சோம்பலைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. ‘லெகுவான்’ என்றால் ‘ஆப்டிமிஸ்டிக்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்ததை அவர் அப்படியே செய்தார்.

3. ‘பழகப் பழகச் சரியாகும்’ என்பது நடக்கவில்லை.

இது எதிர்த்தரப்பின் உயிர்நாடியான நம்பிக்கை. ஏறக்குறைய பொருள் போதும், மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். காலம் பார்த்துக்கொள்கிறதா என்று சோதித்தவர் நான் ஜியாங். 2002இல் வெளியான ஆய்வில், ஆங்கிலத்தை நன்கு அறிந்த சீன மொழியினரிடம் ஆங்கிலச் சொல் இணைகளைக் கொடுத்து அவற்றின் பொருள் எவ்வளவு நெருக்கம் என்று கேட்டார். சில இணைகளுக்குச் சீனத்தில் ஒரே மொழிபெயர்ப்பு. ‘ப்ராப்ளம்’, ‘க்வெஸ்சன்’ இரண்டுக்கும் ‘வென்தி’ என்பதைப்போல. வேறு சில இணைகளுக்குச் சீனத்தில் தனித்தனிச் சொற்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இந்த இரண்டு வகைகளுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. சீன மொழியினரோ, ஒரே மொழிபெயர்ப்பைப் பகிரும் இணைகளை இன்னும் நெருக்கமானவை என்று மதிப்பிட்டார்கள். தீர்ப்பையும் விரைவாகச் சொன்னார்கள்.

இதன் பொருள் என்ன? ஆங்கிலச் சொல்லைப் பார்க்கும்போதும் அவர்கள் மனத்தில் வேலை செய்தது சீனச் சொல்லின் பொருளே. இவர்கள் தொடக்கநிலை மாணவர்கள் அல்லர். அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் கைவரப்பெற்றவர்கள். நாளெல்லாம் ஆங்கிலச் சூழலில் வாழ்ந்தும் முதல் நாள் போட்ட சமக்குறி அழியவில்லை. பட்டியல் போட்ட முடிச்சைக் காலம் தானே அவிழ்க்கும் என்பவர்கள் இந்த முடிவுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

சீன அறிஞர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. குய் ஷிச்சுன், யாங் ஹுய்ஜோங் இருவரும் தொகுத்து 2003இல் வெளிவந்த சீன மாணவர் ஆங்கிலத் தரவகம் பத்து லட்சம் சொற்கள் கொண்டது. மேல்நிலைப் பள்ளி முதல் ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாகப் படிப்போர் வரை எழுதியவை. பிழைகளை 61 வகையாகப் பிரித்துக் குறியிட்டார்கள். பெயரடையும் அதை அடுத்துவரும் பெயர்ச்சொல்லும் பொருந்தாமல் போகும் பிழைக்கென்றே அதில் தனிக் குறி உண்டு. தனிக் குறி கொடுத்துக் கணக்கெடுக்க வேண்டிய பிழை, பழகப் பழக மறைந்துவிடும் சில்லறைத் தவறாக எப்படி இருக்கும்?

4. கவலை யாரிடம் இருக்கிறது என்பதைச் சமக்குறி சொல்வதே இல்லை.

சிங்கப்பூரில் சீன மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துகிறவள் நான். ஒரு மாணவி தன் தாயைப் பற்றி எழுதியிருந்தாள். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இரத்த அழுத்தம். மாத்திரையைச் சரியாகப் போடுவதில்லை. தொலைபேசியில் கேட்டால் நலம் என்றே சொல்கிறார். பத்தியின் கடைசி வரி: ‘மை மதர் இஸ் வெரி அலார்மிங்.’ ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர் இதைப் படித்தால் அந்தத் தாய் மற்றவர்களை மிரள வைக்கும் பெண் என்று நினைப்பார். மகள் சொல்ல வந்தது அம்மாவை நினைத்தால் மனம் கிடந்து தவிக்கிறது என்பதை.

அவள் மனத்தில் ஓடியிருக்கக்கூடிய சீன வாக்கியம் எளிமையானது: ‘வொ மாமா ஹென் ராங் ரென் தான்ஷின்.’ அம்மா மற்றவரைக் கவலைப்பட வைக்கிறார் என்று சொல்லுக்குச் சொல் பொருள். சீனத்தில் அது பாசத்தோடு சொல்லக்கூடிய இயல்பான வாக்கியம். ‘மற்றவரை’ என்பதற்கான சொல் வாக்கியத்துக்குள்ளேயே இருப்பதால் கவலைப்படுவது யார், கவலைக்குக் காரணம் யார் என்ற குழப்பம் வருவதில்லை. ஆங்கிலம் அந்த வேறுபாட்டைச் சொல்லின் வால்பகுதியில் வைத்திருக்கிறது. ‘இங்’ என்று முடிந்தால் கவலையை உண்டாக்குவது. ‘எட்’ என்று முடிந்தால் கவலைக்கு ஆளானவர். சீனத்தில் சொல்லின் வடிவம் இப்படி மாறுவதில்லை. அதனால்தான் ‘ஐ ஆம் வெரி வொரியிங்’ என்ற வாக்கியம் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்களிடமிருந்தும் வருகிறது.

வாலைச் சரிசெய்தால் மட்டும் அந்த மாணவியின் வாக்கியம் தேறிவிடாது. ‘அலார்மிங்’ மனிதரின் மேல் ஏறினால் அந்த மனிதர் அச்சமூட்டுகிறார் என்று பொருள். அவருடைய நிலைமீதோ இரத்த அழுத்த அளவின்மீதோ ஏறினால்தான் கவலை சரியான இடத்தில் போய்ச் சேரும். எதன்மேல் ஏறலாம், எதன்மேல் ஏறக்கூடாது என்பது அந்தச் சொல்லின் பொருளிலேயே ஒரு பகுதி. பட்டியலில் அந்தப் பகுதிக்கு இடமே இல்லை.

5. ‘உயர்ந்த சொல் மதிப்பெண் தரும்’ என்ற வாதம் மாணவரைக் கைவிடுகிறது.

கவலைதரும் நிலைமையைச் சொல்ல ‘வொரியிங்’ போதுமான இடத்திலும் ‘அலார்மிங்’ போடு, ‘சீரியஸ்’ இருந்தால் ‘டயர்’ என்று மாற்று என்று தேர்வு வழிகாட்டிகள் சொல்கின்றன. எளிய சொல் தாழ்ந்தது, அரிய சொல் உயர்ந்தது என்ற வரிசை அவற்றில் உண்டு. இதற்குத் தேர்வு முறையும் துணைபோனது. காவ்காவ் கட்டுரைக்கு நீண்டகாலம் பயன்பட்ட மதிப்பீட்டு விதியில், கடினமான அமைப்புகளையும் உயர்நிலைச் சொற்களையும் கையாள முயன்றதால் நேர்ந்த சிறு பிழைகளுக்கு உயர்ந்த மதிப்பெண் வரிசையிலும் இடம் தரப்பட்டது. முயற்சிக்கு ஊக்கம் தருவது நல்ல நோக்கம்தான். வகுப்பறையில் அது எப்படி வாசிக்கப்பட்டது? தவறாக இருந்தாலும் பெரிய சொல்லைப் போடு என்று.

சரி, மதிப்பெண் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் படிப்புக்குச் சீன மாணவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 7ஆம் நிலைக்கான விளக்கம், அரிதான சொற்களோடு நடையுணர்வையும் சொற்சேர்க்கை உணர்வையும் எதிர்பார்க்கிறது. சொல் உயரமாக இருந்தால் போதாது. சரியான துணையோடு வர வேண்டும். பட்டியலை நம்பி ‘டயர்’ என்று எழுதியவர் அங்கே தடுக்கி விழுகிறார். காவ்காவில் மன்னிக்கப்பட்ட பழக்கம் அடுத்த தேர்வில் மதிப்பெண்ணைப் பறிக்கிறது. ஆக, மதிப்பெண்ணுக்காகவே படிப்பவருக்கும் இந்த முறை நம்பத்தகுந்தது அல்ல.

மதிப்பெண்ணைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் உச்சத்தில் சொல்லிப் பழகியவரிடம், உண்மையான ஆபத்து வரும் நாளில் மேலே போக வேறு சொல் இருக்காது. பிளாஸ்டிக் பை, செல்போன் பழக்கம், தூக்கக் குறைவு எல்லாமே ‘அலார்மிங்’ என்று எழுதிப் பழகிய கை, கொள்ளைநோயைப் பற்றி எழுத எந்தச் சொல்லை எடுக்கும்?

6. ‘பொருள் புரிந்தால் போதாதா?’ போதாது.

இதுவே எல்லாரும் கடைசியாக வந்து நிற்கும் அரண். பெயரடை கொஞ்சம் பிசகினால் என்ன, கேட்பவருக்குப் புரிந்துவிடுமே என்கிறார்கள். அன்றாடப் பேச்சில் புரியலாம். கவலையைச் சொல்லும் சொல் மிகவும் தேவைப்படும் இடங்களோ, கேட்பவர் முடிவெடுக்க வேண்டிய இடங்கள்.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன அவியான்கா 52 விமானம் மோசமான வானிலையால் நெடுநேரம் வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. ஸ்பானிய மொழி பேசும் விமானிகள் ‘ப்ரயாரிட்டி’, அதாவது முன்னுரிமை, கேட்டார்கள். எரிபொருள் குறைகிறது என்றும் சொன்னார்கள். ‘எமர்ஜென்சி’ என்று கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அறிவிக்கவே இல்லை. விமானம் லாங் ஐலண்டின் கோவ் நெக் பகுதியில் விழுந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் எரிபொருள் நெருக்கடியை உரிய நேரத்தில் அறிவிக்காததை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. எரிபொருள் நிலையைக் குறிக்கத் தரப்படுத்தப்பட்ட, தெளிவாகப் புரியும் சொற்கள் இல்லாததையும் துணைக் காரணமாகச் சேர்த்தது. அவர்கள் சொன்னதன் பொருள் கேட்டவர்களுக்குப் புரிந்தது. எவ்வளவு அவசரம் என்பது போய்ச் சேரவில்லை.

சீனத்துக்கு நெருங்கிய சான்று வேண்டுமா? 2020 ஜனவரி 25 அன்று, கொரோனா பரவலைப் பற்றிச் சீன அதிபர் ஷி ஜின்பிங் பேசியது ஆங்கிலச் செய்திகளில் ‘கிரேவ் சிச்சுவேஷன்’ என்று வந்தது. கனம் உண்டு, பதற்றம் இல்லை. ஆபத்தை ஒப்புக்கொள்ளும்போதே கட்டுப்பாடு கையில் இருப்பதாகக் காட்ட விரும்பும் அரசுக்கு ஏற்ற சொல். அதே ஆண்டு மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த உலகச் சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ் அதனோம் கெப்ரேயேசுஸ், ‘அலார்மிங்’ என்ற சொல்லை ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை எடுத்தார். முதல் முறை நோயின் பரவலுக்கும் தீவிரத்துக்கும். இரண்டாம் முறை, செயலற்றுக் கிடப்பதன் அளவுக்கு. முதல் இடத்தில் அது எண்களைப் பார்த்து எழுந்த எச்சரிக்கை. இரண்டாம் இடத்தில் அதே சொல் அரசுகளின்மேல் வைத்த குற்றச்சாட்டு. அந்த இரண்டாம் இடத்தில் ‘கிரேவ்’ போட்டுப் பாருங்கள்: எச்சரிக்கை மணி நின்றுவிடுகிறது, கனம் மட்டும் மிஞ்சுகிறது.

‘ஆளைக் கவலைப்பட வைக்கிற’ என்ற ஒற்றைப் பொருளோடு இந்த இரண்டு செய்திகளையும் படிக்கும் மாணவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஒன்று அமைதிகாக்கச் சொல்கிறது, மற்றொன்று எழுந்து ஓடச் சொல்கிறது என்பது அவர் கண்ணில் படாது. உயர்மட்ட மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அறிவைச் சாதாரண மாணவருக்கு மறுக்க என்ன நியாயம் இருக்கிறது?

7. ‘நேரமில்லை’ என்ற வாதம் கணக்கில் பிழை.

சமக்குறி நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். இரண்டு விநாடியில் கற்ற சொல்லைத் திருத்தப் பல ஆண்டுகள் ஆகின்றன. அது எளிதில் திருந்துவதில்லை என்பதை ஜியாங்கின் ஆய்வு காட்டுகிறது. அந்தச் செலவு பட்டியல் போடுபவரின் கணக்கில் ஏறுவதில்லை. கட்டுரை திருத்தும் ஆசிரியரும் வேலைக்குப் போன பிறகு தடுமாறும் மாணவரும் அதைச் சுமக்கிறார்கள்.

மாற்று வழிக்குப் பெரிய நேரம் தேவையில்லை. சொல்லைத் தனியே எழுதாமல் அதன் கூட்டாளியோடு எழுத வேண்டும். ‘அலார்மிங்’ என்ற இடத்தில் ‘அன் அலார்மிங் ரேட்’. ‘வொரியிங்’ என்ற இடத்தில் ‘எ வொரியிங் சைன்’. ‘டயர்’ என்ற இடத்தில் ‘டயர் கான்சிக்வென்ஸஸ்’. ஒரு வரிக்கு ஒன்றிரண்டு சொல் கூடும், அவ்வளவுதான். அதன் எதிரே சீனமும் இருக்கட்டும். ஆனால் அந்த முழுத் தொடருக்கும் சீனர் இயல்பாக என்ன சொல்வார்களோ அது இருக்க வேண்டும். காட்சியைப் பார்த்துப் பதறும் இடத்தில் ‘ச்சுமு ஜிங்ஷின்’ வரட்டும், எதிர்காலம் நம்பிக்கை தராத இடத்தில் ‘கான்யௌ’ வரட்டும். அப்போது ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பல சீனத் தொடர்களும், ஒரு சீனத் தொடருக்குப் பல ஆங்கிலச் சொற்களும் இருப்பதை மாணவர் தானே கண்டுகொள்வார்.

ஒப்பிட்டுக் கற்பிப்பது வெறும் ஆசை அல்ல. இஸ்ரேலில் ஹீப்ரு பேசும் மாணவர்களிடம் பாட்யா லாஃபரும் நானி கிர்சாயும் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழிகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று ஒப்பிட்டு மொழிபெயர்த்துப் பயின்ற குழு மற்றக் குழுக்களைவிட மேலாகச் செய்தது. தனிச் சொற்களில் மட்டுமல்ல, சொற்சேர்க்கைகளிலும். தாய்மொழியை விலக்கச் சொல்பவர்களுக்கும், தாய்மொழியைச் சமக்குறியாகச் சுருக்குபவர்களுக்கும் ஒருசேரக் கிடைத்த பதில் இது. சீனம் வகுப்பில் இருக்க வேண்டும், வேறுபாட்டைக் காட்டுவதற்காக.

வாக்கியம் எழுதுமுன் மாணவர் தன்னையே கேட்க மூன்று கேள்விகள் போதும். இந்தப் பெயரடை எதன்மேல் ஏறுகிறது: ஆள்மேலா, எண்ணின்மேலா, நிலைமைமேலா? கவலைப்படுவது யார், காரணம் எது? கேட்பவர் இதைக் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன்: குறித்து வைத்துக்கொள்ளவா, விசாரிக்கவா, உடனே எழுந்து போகவா? என் மாணவியின் வாக்கியத்தை இந்தக் கேள்விகளோடு மறுபடி எழுதவைத்தேன். அம்மாவை விட்டுவிட்டு இரத்த அழுத்த அளவை எழுவாயாக்கினாள். ‘அலார்மிங்’ அதன்மேல் ஏறியது. தன்னைப் பற்றிய அடுத்த வாக்கியத்தில் ‘வொரிட்’ என்று எழுதினாள். ஒரு வாக்கியம் இரண்டானது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இத்தனை சொன்ன பிறகும், ஒரு பெயரடைக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நாளை இந்த மாணவர்கள் ஆய்வகத்தில் சோதனை முடிவை எழுதப்போகிறவர்கள். ஆலையில் பழுதைத் தெரிவிக்கப்போகிறவர்கள். மருத்துவமனையில் நோயாளியின் நிலையை அடுத்த பணிமுறைக்குக் கைமாற்றப்போகிறவர்கள். அங்கே அவர்கள் எழுதும் ஒரு சொல்லை வைத்து, இயந்திரத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். சிறிய பழுதுக்கு ‘டயர்’ எழுதுபவரை இரண்டாம் முறை யாரும் நம்பமாட்டார்கள். பெரிய ஆபத்துக்கு ‘நாட் ஆப்டிமிஸ்டிக்’ எழுதுபவரின் கடிதத்தை அவசரமாக யாரும் படிக்கமாட்டார்கள். இரண்டிலும் தோற்பது அறிவுள்ள, அக்கறையுள்ள ஒரு மனிதர். காரணம் அவருக்கு யாரோ கற்பித்த ஒரு சமக்குறி.

ஆகவே பட்டியல் அச்சிடுபவர்களிடமும் செயலி தயாரிப்பவர்களிடமும் தேர்வு விதி எழுதுபவர்களிடமும் கேட்பது இதுதான்: கவலையைக் குறிக்கும் பெயரடை எதையும் அது ஏறும் பெயர்ச்சொல் இல்லாமல் அச்சிடாதீர்கள். பொருந்தாத பெரிய சொல்லுக்கு மதிப்பெண் தராதீர்கள். பொருந்திய எளிய சொல்லுக்கு முழு மதிப்பெண் தாருங்கள். 3500 சொல்லில் நூறு குறைந்தாலும் பரவாயில்லை. தன் கவலையைத் தான் நினைத்த அளவிலேயே சொல்லத் தெரிந்த மாணவர், பட்டியல் முழுவதையும் ஒப்பிக்கத் தெரிந்தவரைவிட ஆங்கிலம் அதிகம் கற்றவர்.